கதவோரக் கட்டில்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? குளிர் வந்தால் உன்னைத் தேடி வருமே ஒரு வறட்டு இருமல், அது இந்த வருஷம் போய்விட்டதா, இல்லை வாடகை கொடுக்காமல் இன்னும் அங்கேயே குடியிருக்கிறதா?

நாம் போனில் பேசுவது வரவர வானிலை அறிக்கை மாதிரி ஆகிவிட்டது. மழை பெய்ததா, வெயில் அடித்ததா, சரி வைக்கிறேன். அதனால் பழையபடி பேனாவை எடுத்துவிட்டேன். போன வருஷம் நாம் எந்த நாட்டுக்கும் போகவில்லை, கவனித்தாயா? அம்மா அந்தப் பயண அலுவலகத்தில் தரை துடைத்து முடிக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்து, காலாவதியான விளம்பரப் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்த, மனசாலேயே ஊர் சுற்றும் ஆட்டம். அதற்கப்புறம் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. எந்த நாடு, எந்த ஓட்டல், எந்த அறை, எவ்வளவு செலவு என்று கடிதத்திலேயே அடித்துக்கொள்வோம். டிசம்பரில் நீ ஏதாவது ஒரு காரணம் சொல்லி எல்லாவற்றையும் ரத்து செய்வாய். புறப்படும் தேதியை மட்டும் எழுதவே கூடாது. அந்தப் புத்தகங்களில் இருந்த தேதிகளெல்லாம் தாண்டிப்போனவை என்று அழுதுவிட்டு, ஏழு வயதில் நீ போட்ட சட்டம் அது.

போன வருஷம் உன் அத்தான் இறந்துபோன வருஷம். எனக்கு மனசு வரவில்லை, நீயும் கேட்கவில்லை. அவரை எடுத்த அன்று நீ வரவில்லை. தலைக்கு மேல் வேலை என்று சொன்னாய். நான் அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

இந்த மார்ச்சோடு எனக்கு வேலை ஓய்வு. ஆஸ்பத்திரி பில் கவுன்ட்டரில் அடுத்தவர் செலவைக் கூட்டியது போதும். நம் செலவைக் கூட்டலாம் வா. ஒரே ஒரு குறை. நாம் சண்டை போட்டால் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் தீர்ப்பு எழுத அத்தான் இல்லை. 'நீச்சல்குளம் தம்பிக்கு அனுமதிக்கப்படுகிறது' என்று ஒரு தடவை எழுதினாரே, அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

கழுத்தில் ஏதாவது சுற்றிக்கொண்டு வெளியே போ.

உன் அக்கா


ஜனவரி 27

என் அன்பு நிதியமைச்சருக்கு,

செலவுத் துறையின் வணக்கம். நானும் இருமலும் இங்கே சேமம். உன் முழங்கால் சேமமா?

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் வாசலிலேயே நின்று படித்துவிட்டேன், அக்கா. அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன்.

இந்த முறை தீவு. கடற்கரையில் தனி வீடு மாதிரி அறை. மாடியெல்லாம் வேண்டாம், தரையோடு இருக்கட்டும். நான்கு பக்கமும் கதவு. எல்லாக் கதவையும் திறந்து போட்டால் காற்று நம்மைக் கேட்காமல் உள்ளே வந்து போக வேண்டும். எனக்குக் கட்டிலை வராந்தாவில் போடச் சொல். தலையணையில் பதினாறு வகை இருக்கும், பட்டியல் கொண்டுவந்து நீட்டுவார்கள், நாம் முகத்தைச் சுளித்துவிட்டுப் பதினேழாவது கேட்க வேண்டும். கடலைச் சுற்றிவரத் தனிப்படகு, தினமும் மசாஜ். குடை பிடிக்க ஒரு ஆள். அவருக்கு வெயில் படாமல் குடை பிடிக்க இன்னொரு ஆள்.

விமானம், விமான நிலையம், வரிசை இதெல்லாம் இந்த முறை வேண்டாம், சலித்துவிட்டது. போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டு நேரே அறையிலிருந்து ஆரம்பிப்போம்.

நான் உதிரிபாகக் கவுன்ட்டரில் சுகமாக இருக்கிறேன். லிஃப்ட் பழுது பார்க்கும் பையன்கள் வந்து கேட்பதை எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. முன்னே மாதிரி நான் மேலே ஏற வேண்டாம், லிஃப்ட் குழியில் இறங்க வேண்டாம். கவுன்ட்டருக்கு எதிரே ஷட்டர், அதற்கு எதிரே தெரு. வீட்டையும் மாற்றிவிட்டேன். ஆறாவது மாடியிலிருந்து பார்த்த துறைமுகம் போய், இப்போது ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் செருப்பு தெரிகிறது. நல்ல செருப்புதான்.

செலவைப் பற்றி நீ கவலைப்படு. அதற்குத்தானே அக்கா என்று ஒருத்தி.

உன் வாண்டு


பிப்ரவரி 15

வாண்டுக்கு,

முழங்கால் பரவாயில்லை. படி இறங்கும்போது மட்டும் என்னோடு சண்டை போடுகிறது.

உன் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். பட்ஜெட்டில் துண்டு விழவில்லையடா, போர்வையே விழுகிறது. ஒரு குடைக்காரரை வேலையிலிருந்து நீக்கிவிட்டேன். தனிப்படகு இரண்டு நாளைக்கு மட்டும். தலையணை பதினாறோடு நிறுத்திக்கொள். இவ்வளவு கறாராக இருந்தும் என் ஒரு வருஷச் சம்பளம் காலி. ஆனாலும் அறையில் கை வைக்க மாட்டேன். போனால் ராஜா மாதிரி போக வேண்டும், கஞ்சத்தனம் பண்ணிக்கொண்டு கடலைப் பார்க்க நம் ஊர்க் கடலே போதும்.

விமானத்தை எப்படி விட்டாய்? அது உன் பங்காயிற்றே! அத்தான் போவதற்கு இரண்டு வருஷம் முன்னால் விமானத்துக்கே மூன்று பக்கம் எழுதினாய். சாய்த்தால் கட்டிலாகிற இருக்கை, அதில் எந்தப் பொத்தான் எதற்கு என்று படம் வேறு. இப்போது சலித்துவிட்டதாம். வயசாகிறது உனக்கு.

சும்மா கேட்கிறேன், உன் பாஸ்போர்ட் இன்னும் எவ்வளவு நாளைக்குச் செல்லும்?

அக்கா


மார்ச் 8

அக்கா,

நலம். உன் வேலை ஓய்வுக்கு என் வாழ்த்துகள். ஆஸ்பத்திரியில் பில்லைப் பார்த்து மயங்கி விழுந்தவர்களெல்லாம் சேர்ந்து உனக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கலாம்.

பாஸ்போர்ட் பீரோவில் நன்றாகத் தூங்குகிறது. எழுப்பிக் கேட்டேன், இன்னும் சில வருஷம் உயிர் இருக்கிறதாம். அதையெல்லாமா இந்த முறை கணக்கில் சேர்க்கிறாய்? நிதியமைச்சர் முன்னேறிவிட்டார்.

குடைக்காரரை நீக்கியது அநியாயம். அவருக்கு இரண்டு குழந்தைகள். அவரைத் திரும்ப எடுத்தால் தனிப்படகை ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளத் தயார். காலையில் ரொட்டி, முட்டை, பழம் எல்லாம் கட்டிலுக்கே வர வேண்டும். நீ எழுந்திருக்கவே கூடாது. நீ எழுந்திருக்காமல் யாராவது உனக்கு எதையாவது கொண்டுவந்து கொடுத்து நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, அக்கா.

உன் வாண்டு


ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

ஓய்வுப் பணம் வந்துவிட்டது. பில் கவுன்ட்டரில் கைகுலுக்கி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் நேராக ஒரு பயண அலுவலகத்துக்குப் போனேன். ஜனவரியிலிருந்தே அங்கே போய்க்கொண்டிருக்கிறேன், உன்னிடம் சொல்லவில்லை. நீ எழுதுவதையெல்லாம் அங்கே இருக்கிற பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். அவள் சிரித்துக்கொண்டே விலை போட்டுத் தருவாள்.

முன்பணம் கட்டிவிட்டேன், தம்பி. இது ஆட்டம் இல்லை.

தீவு வீடு தருகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். உனக்குத் தெரியாமல் அதைவிடப் பெரியதாக ஒன்று பிடித்திருக்கிறேன். கடலோரத்தில் நாற்பது மாடி ஓட்டல். நமக்கு முப்பத்தெட்டாவது மாடி. கட்டடத்துக்கு வெளியே கண்ணாடியில் லிஃப்ட். ஏறும்போதே கடல் காலடியில் இறங்கிக்கொண்டே போகுமாம். அந்தப் படத்தைப் பார்த்ததும் உன் முகம்தான் கண்ணில் வந்தது. லிஃப்ட்டுக்குள்ளே கிடந்து காலத்தை ஓட்டியவன், ஒரு தடவையாவது விருந்தாளியாக நின்று ஏறட்டும் என்று நினைத்தேன். நீ உன் ஊரிலிருந்து பறந்து வா, நான் என் ஊரிலிருந்து பறந்து வருகிறேன், அங்கே விமான நிலையத்தில் சந்திப்போம்.

உன் சட்டத்தை மீறுகிறேன். தேதி: அக்டோபர் 14.

ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்பாய். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

உன் அக்கா


ஜூன் 6

தம்பிக்கு,

நலமா? ஏப்ரலில் எழுதிய கடிதம் வந்ததா? போனில் கேட்டால் 'வந்தது, எழுதறேன், எழுதறேன்' என்று சொல்லிவிட்டு வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறாய். இரண்டாவது தவணை கட்டச் சொல்கிறார்கள். தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன், முழங்கால் திட்டுகிறது.

ஒரு வரி போடு.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

தங்கள் கடிதங்கள் கிடைத்தன. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். அக்டோபரில் எங்கள் கிடங்கில் இருப்பு சரிபார்க்கும் வேலை இருக்கிறது. விடுப்பு கிடைக்காது. அதோடு சில நாட்களாக இடுப்பு வலி, நீண்ட பயணம் கூடாது என்று டாக்டர் சொல்கிறார். உன் தோழி யாரையாவது அழைத்துக்கொண்டு போய்வா. முன்பணத்தில் என் பங்கை அனுப்பிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

தாங்கள் என்று எழுதிவிட்டு நீ என்று முடித்திருக்கிறாய். அந்த அளவாவது தம்பி மிச்சம் இருக்கிறான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் பங்கு வேண்டாம். உன் பணத்தையா நான் கேட்டேன்? அத்தானை எடுத்த அன்றும் உனக்கு வேலை. இப்போதும் வேலை. அன்றைக்கு வீடு நிறைய ஆள் இருந்தார்கள், நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பரவாயில்லை, வருவான் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் நானே சமாதானம் சொன்னேன். அதை உன்னிடம் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை போய் ரத்து செய்கிறேன். இனி எந்த நாட்டுக்கும் போக வேண்டாம், காகிதத்தில்கூட.

அக்கா


ஆகஸ்ட் 2

என் வாண்டுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. போட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். இப்போது போடு.

ரத்து செய்யத்தான் போனேன். அந்தப் பெண் காகிதங்களை எல்லாம் மேசையில் பரப்பினாள். நீ கேட்டவை ஒரு பக்கம், நான் பிடித்த ஓட்டல் ஒரு பக்கம். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"ஆன்ட்டி, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க தம்பிக்கு லிஃப்ட்னா பயமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவனாம்மா? அவன் லிஃப்ட் மெக்கானிக். கயித்துல தொங்கிக்கிட்டு வேலை பாத்தவன்."

"இல்ல, எங்க அப்பாவும் இப்படித்தான். தரையோட இருக்கணும், கதவு நெறைய வேணும், ஜன்னல் தொறக்கணும்னு கேப்பாரு. ஃப்ளைட்டுன்னா பேச்சையே மாத்திடுவாரு. மூடின இடம்னா அவருக்கு பயம்னு ரொம்ப நாளா எங்களுக்குப் புரியலை. சும்மா பிடிவாதம்னு நெனச்சு திட்டிக்கிட்டே இருந்தோம்."

காகிதங்களை அப்படியே வையம்மா, அப்புறம் வருகிறேன் என்றேன், தம்பி.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். மாடி வீட்டை விட்டாய். மேலே ஏறாத வேலைக்கு மாறினாய். பொத்தான் வரைந்து அனுப்புகிறவன் விமானத்தையே விட்டுவிட்டாய். எல்லாம் எதற்கப்புறம் என்றும் எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தான் போவதற்கு ஒரு வருஷம் முன்னால் நீ ஒரு கடிதம் போட்டாய். பழுது பார்க்கப் போனவனையே லிஃப்ட் பிடித்து வைத்துக்கொண்டது, மின்சாரமும் போய்விட்டது, உள்ளே நானும் ஸ்பேனரும் ஒரு கொசுவும், கொசுவுக்கு என் ரத்தம் ரொம்பப் பிடித்துப் போயிற்று என்று. நான் அதைச் சத்தமாகப் படித்தேன். நானும் அத்தானும் விழுந்து விழுந்து சிரித்தோம். கடைசியில் ஒரு வரி இருக்கிறது, 'விடிந்த பிறகுதான் ஆள் வந்தார்கள்' என்று. அந்த வரியை நான் அன்றைக்குப் படித்தேனா என்றே தெரியவில்லை. படித்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பேன்?

அதற்கு மேல் கண்ணாடி லிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்து உன் முன்னால் நிறுத்தினேன் பார். முப்பத்தெட்டாவது மாடி வேறு. என்னைச் சொல்ல வேண்டும்.

நீ ஒன்றும் விளக்க வேண்டாம். நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. நிதியமைச்சர் புதிய திட்டம் தருகிறார், கவனமாகக் கேள்.

விமானம் இல்லை. உன் ஊர்த் துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய கப்பல் தீவுகளுக்குப் போகிறது. வெளிநாடுதான், ஆனால் வானத்தில் ஏறாத வெளிநாடு. மேல்தளத்தில் நமக்கு அறை. அறைக் கதவைத் திறந்தால் நேராகத் திறந்த தளம், அப்புறம் கடல். இரண்டு கட்டில், ஒன்று கதவோரம், ஒன்று சுவரோரம். தீவில் இறங்கினால் நீ கேட்ட தரை வீடு, நாலு பக்கமும் கதவு. ராஜா மாதிரி என்று சொன்னேனே, அறையில் ஒரு பைசா குறைக்கவில்லை. பழைய ஓட்டலின் முன்பணத்தில் பாதி போய்விட்டது. ஈடுகட்ட தனிப்படகு போயிற்று, மசாஜ் போயிற்று, அந்தச் சுவர்க் கடிகாரத்தையும் பேரம் பேசி விற்றுவிட்டேன். குடைக்காரரைத் திரும்ப எடுத்துவிட்டேன், குழந்தைகள் இருக்கிறார்களாமே.

கப்பலில் லிஃப்ட் இருக்கிறது, நாம் படியில்தான் ஏறுவோம். என் முழங்கால் கத்தும். உன் தோளைப் பிடித்துக்கொள்வேன்.

நான் ரயிலில் உன் ஊருக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒன்று மட்டும் நான் செய்ய மாட்டேன். கப்பல் ஒவ்வொரு மாதமும் ஆறாம் தேதி கிளம்புகிறது. எந்த மாதம் என்று நீ எழுது. எழுத வரவில்லையென்றால் வெறும் நலம் விசாரித்து ஒரு கடிதம் போடு, போதும். அப்போதும் நான் ரயில் ஏறி வருவேன், உன் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போவேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது. இப்போது இல்லை.

அக்கா


செப்டம்பர் 12

அக்கா,

நலம். உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இந்த முறை வேலையில்லை, இடுப்பு வலியும் இல்லை. பழகிக்கொண்டிருந்தேன்.

இங்கே துறைமுகத்தில் அக்கரைக்குப் போகிற படகு ஒன்று உண்டு. கவுன்ட்டரில் என்னோடு வேலை செய்கிறவரிடம் விஷயத்தைச் சொன்னேன். உனக்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நெருங்கியவர்களிடம் சொல்வதைவிட ஸ்க்ரூ எண்ணுகிறவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் மேல்தளத்தில் நின்றுகொண்டே போய்வந்தோம். மூன்றாவது ஞாயிறு உள்ளே இருக்கிற சின்ன அறையில் என்னை உட்கார வைத்தார். கதவு தானாக மூடிக்கொள்கிற கதவு. அவர் வாசலில் நின்று காலை நீட்டி அதைத் தடுத்துக்கொண்டார்.

"அண்ணே, கதவு தொறந்துதான் இருக்கு. நான் காலை வெச்சுக்கிட்டு நிக்கிறேன். நீங்க கடலைப் பாருங்க."

பார்த்தேன். அக்கரை வரைக்கும் பார்த்தேன். திரும்பி வரும்போது பாதி வழியில் அவர் காலை எடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்துவிட்டது, ஆனால் உட்கார்ந்திருந்தேன்.

அத்தானை எடுத்த அன்று, ரயிலில் வந்தால் நேரமாகிவிடும் என்று, நான் விமானத்தின் வாசல் வரைக்கும் வந்தேன், அக்கா. அதற்கப்புறம் எந்த முகத்தோடு வருவது என்று தெரியவில்லை.

செலவுத் துறையின் ஒரே கோரிக்கை: கதவோரக் கட்டில் எனக்கு வேண்டும். நீயும் அதைத்தான் கேட்பாய், காற்று வரும் என்று. சின்ன வயதிலிருந்து அதற்குத்தான் சண்டை. தீர்ப்பு சொல்ல அத்தான் இல்லையே.

தேதி: நவம்பர் 6.

எழுதிவிட்டேன். இரண்டு தடவை அழுத்தி எழுதியதால் ஆறு எட்டு மாதிரி இருக்கும். அது ஆறுதான்.

உன் வாண்டு


செப்டம்பர் 23

வாண்டுக்கு,

நான் நலம். டிக்கெட் வாங்கிவிட்டேன்.

மேசை இழுப்பறையைத் தேடினேன். அத்தானின் பென்சில் கிடைத்தது. முனை மழுங்கியிருந்தது, சீவிக்கொண்டேன். உன் கடிதத்தின் ஓரத்திலேயே எழுதி அதையே உனக்குத் திருப்பி அனுப்புகிறேன், பார்த்துக்கொள்.

'கதவோரக் கட்டில் தம்பிக்கு அளிக்கப்படுகிறது. கதவு திறந்திருக்கும். அக்கா காலை வைத்துக்கொண்டு நிற்பாள்.'